மாத்து டிரைவர் இல்லாத ஆட்டம்

நான் வேலை செய்யும் கப்பல் பட்டறையில் சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், யாராவது ஒருத்தர் போனைப் பார்த்துக்கொண்டே "நேயில் சொன்பல் நுகுயா?" என்று கத்துவார். உடனே பஸ் முழுக்கப் பேச்சு கிளம்பிவிடும். ஒருத்தர் தொடையைத் தட்டிச் சிரிப்பார், இன்னொருத்தர் தலையில் அடித்துக்கொள்வார். வந்த புதிதில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்துபோனேன். "நாளைக்கு முதலில் பந்து எறியப் போவது யார்?" என்பதுதான் கேள்வி என்று பிறகுதான் தெரிந்தது. கொரியாவின் தென்கோடியில், கடலோரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு நாளைக்கு மழை வருமா என்பதைவிட அது பெரிய கேள்வி.

ஆட்டம் பேஸ்பால். பந்து எறிகிறவரை 'தூசு' என்கிறார்கள். மட்டையால் அடிக்கிறவர் 'தாஜா'. சத்தியமாக நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, கொரிய மொழியில் வார்த்தையே அதுதான். தூசு எறிவார், தாஜா அடிப்பார். இதைக் கேட்டுக் கேட்டு முதல் மாதம் முழுக்க எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தேன். ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கிறவர் 'சொன்பல் தூசு'. கிரிக்கெட் மாதிரி ஆளாளுக்கு ஓவரைப் பிரித்துக் கொடுக்கிற கதையெல்லாம் இங்கே கிடையாது. ஆரம்பித்தவர் கை ஓயும்வரை அவரேதான் எறிய வேண்டும். அப்படி எறிந்தவருக்குச் சில நாள் ஓய்வு வேண்டுமல்லவா? அதனால் ஓர் அணியில் ஐந்து பேர் முறை வைத்து வருவார்கள். நாளைய முறை யாருடையது என்பதை முந்தின நாளே அறிவித்துவிடுவார்கள். அறிவித்த நிமிடத்திலிருந்து பந்தயம் ஆரம்பம். பந்தயம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். இது 'கொப்பி நேகி', அதாவது காப்பிப் பந்தயம். தோற்றவர் மறுநாள் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இது அந்நியமாகவே படவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவன் நான். பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயங்காலமானால் அங்கே நாளைய முட்டை விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் நடக்கும். கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் கேரளாவில் என்ன பண்டிகை, வடக்கே குளிர் எப்படி என்று மணிக்கணக்கில் யோசித்து ஒன்று சொல்வார். கோழிக்குத் தீவனம்கூட வைத்தறியாத எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். தோற்றவர் போண்டா வாங்க வேண்டும். பெரும்பாலும் பண்ணைக்காரர்தான் வாங்குவார். போண்டா போய்க் காப்பி வந்தது, முட்டை போய்த் தூசு வந்தது என்று நானும் சந்தோஷமாக இவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் என்னோடு குழாய் வெல்டிங் செய்யும் கொரியர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். குடும்பப் பெயர் 'பே'. வீட்டுக்குப் போன் பேசும்போது இதைச் சொன்னேன். என் தங்கச்சி கோகிலா, "ஏனுங்கண்ணா, பேய்கூடயா வேல செய்யறீங்க?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பேய் அண்ணன். ஆள் பேச்சு கரடுமுரடு, மனசு அப்படி இல்லை.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அந்த மனிதரை நான் படுத்திய பாடு ஒன்று உண்டு. நம் பக்கத்தில் எங்கிருந்து கிளம்பினாலும் 'போறேன்' என்று சொல்ல வாய் வருமா? 'வாரேனுங்க' என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் ஒரு சாயங்காலம் கிளம்பும்போது அவரிடம் "ஓல்கெயோ" என்றேன். வாரேனுங்க என்பதை அப்படியே கொரிய மொழியில் போட்டது. கொரியர்களுக்கு அது திரும்பி வருகிறேன் என்று மட்டும்தான் பொருள். மனிதர் விளக்கை அணைக்காமல் எனக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் காலை, "வருகிறேன் என்று சொன்னாயே, ஏன் வரவில்லை?" என்றார் கோபமாக. "இதோ, வந்துவிட்டேனே!" என்றேன் நான். அவர் தன் தலையிலிருந்த உள்ளூர் அணியின் நீலத் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். இவனுக்குக் கொரிய மொழி ஏறாது, பேஸ்பாலாவது ஏறட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தத் தொப்பி என் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. வெல்டிங் முகமூடிக்குள் நாளெல்லாம் வெந்த தலைமுடி பார்க்கச் சகிக்காது என்பதால், ஊருக்கு வீடியோவில் பேசும்போதெல்லாம் அதைப் போட்டுக்கொள்வேன். கோகிலாவின் மகள் யாழினி நான் இங்கே வந்த பிறகு பிறந்தவள். அவளுக்கு நான் 'போன் மாமா'. அவள் சாப்பிட அடம்பிடித்தால் எனக்குத்தான் கூப்பிடுவார்கள். தொப்பியை முன்னால் இழுத்துக் கண்ணை மறைப்பேன், அவள் சிரிக்கும்போது வாயில் சோறு போய்விடும். பேச்சு முடிந்ததும் "வாரேன் சாமி" என்பேன். "வா மாமா" என்பாள். இப்படியே அவளுக்கு இரண்டு வயதும் தாண்டிவிட்டது.

போன ஆவணியில் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழினிக்கு இருக்கும் ஒரே மாமன் நான். என் பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். "நீங்க வரலீன்னா நாளத் தள்ளிப் போடறோமுங்கண்ணா" என்றாள் கோகிலா. ஏற்கெனவே ஒருமுறை எனக்காகத் தள்ளிப்போட்ட நாள் அது. மறுமுறையும் தள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

லீவு கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதே வாரம் பே அண்ணனும் கேட்டிருந்தார். 'சூசொக்' என்ற அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் இங்கே குடும்பத்து ஆண்கள் எல்லாரும் ஊருக்குப் போய், முன்னோர் சமாதிகளில் வளர்ந்திருக்கும் புல்லை வெட்டுவார்கள். அதற்குப் பெயர் 'பொல்சோ'. அவர் மூத்த மகன், போகாமல் இருக்க முடியாது. கப்பலில் சேர்க்க வேண்டிய ஒரு பகுதியை அந்த வாரம் முடித்துக் கொடுத்தாக வேண்டும். அந்த மெல்லிய குழாய்களைப் பற்றவைக்கத் தெரிந்தது நாங்கள் இரண்டு பேர்தான். 'பான்ஜாங்' என்று அழைக்கப்படும் எங்கள் மேஸ்திரி, ஒருத்தர்தான் போகலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் கொங்கு மரியாதையும் கொரிய மரியாதையும் முட்டிக்கொண்டன. "நீங்க போங்க" என்றேன். "இல்லை, நீ போ" என்றார். "பெரியவங்க நீங்க இருக்க நான் போறதா?" என்றேன். "தூரத்து ஆள் நீ இருக்க நான் போவதா?" என்றார். இரண்டு பேருக்குமே போக வேண்டும். இரண்டு பேருக்குமே அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். காலையில் ஆரம்பித்த இந்தக் கூத்து சாப்பாட்டு நேரம்வரை ஓடியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பான்ஜாங் தட்டில் கரண்டியைப் போட்டார். "நாளைக்கு நம் அணி ஆடுகிறது. ஆளுக்கொரு சொன்பல் தூசுவை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய தூசு ஜெயிக்கிறாரோ அவர் லீவில் போகட்டும். அடுத்தவர் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கட்டும்!" என்றார். எங்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. பந்தயத்தில் ஜெயித்துப் போனால் யாரும் யாருடையதையும் பிடுங்கியதாகாது.

பே அண்ணன் என்னையே முதலில் எடுக்கச் சொன்னார். உள்ளூர் அணிக்கு எறியப் போவது ஒரு அமெரிக்கர். அந்தப் பக்கம் அனுபவப்பட்ட ஒரு கொரியர், இடது கைக்காரர். புள்ளிவிவரமெல்லாம் எனக்குத் தெரியாது. நம்மைப் போல அவனும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவன்தானே, அவனும் வீட்டுக்கு வீடியோவில்தானே பேசுவான் என்று தோன்றியது. அமெரிக்கரை எடுத்துக்கொண்டேன். பே அண்ணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உள்ளூர் அணிக்காகச் சின்ன வயதிலிருந்து உயிரை விடுகிற மனிதர் அவர். இப்போது அந்த அணி தோற்றால்தான் அவர் அப்பாவின் சமாதிக்குப் போக முடியும்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் விடுதிக்குக் கீழே இருக்கும் கோழி வறுவல் கடையில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். நாமக்கல்காரனைக் கோழி எங்கே போனாலும் விடாது போலிருக்கிறது. அமெரிக்கர் எறிந்த முதல் பந்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பே அண்ணன் பாடுதான் பாவம். உள்ளூர் தாஜா ஒருத்தர் ஓங்கி அடித்ததும் எழுந்து கையைத் தட்டினார். பான்ஜாங் இருமியதும் பொல்சோ ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். கடைக்காரம்மா அவரைக் காட்டி, இவருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். நான் உள்ளூர் அணிக்காகக் கத்துகிறேன், உள்ளூர்க்காரர் வாயை மூடிக்கொண்டு தவிக்கிறார். எங்கள் இரண்டு பேரில் அந்த ஊர்க்காரன் யார் என்று அந்தம்மாவுக்குக் குழப்பம் வந்திருக்கும்.

அமெரிக்கர் நன்றாகத்தான் எறிந்துகொண்டிருந்தார். நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். மொத்தம் ஒன்பது சுற்றில் ஐந்தாவதிலேயே அவர் கை ஓய்ந்துவிட்டது. பயிற்சியாளர் நடந்து போய்ப் பந்தை வாங்கிக்கொண்டு இன்னொருத்தரைக் கூப்பிட்டார். கடையே 'அய்யோ' என்றது. நான் அசையவில்லை, நிதானமாகக் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று நாமக்கல் பக்கம் இருக்கிறவர்களுக்கு உடனே புரியும். ஒரு லாரி கல்கத்தாவுக்குக் கிளம்பினால் இரண்டு டிரைவர்கள் ஏறுவார்கள். முதல் டிரைவருக்குக் கண் சொருகினால் பின்னாலிருக்கும் பலகையில் படுத்துவிடுவார், மாத்து டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அந்தப் பலகையை எத்தனையோ வண்டிகளுக்கு நானே பற்றவைத்திருக்கிறேன். படுத்தவர் தூங்கி எழுந்து, முகத்தைக் கழுவி, டீ குடித்துவிட்டு மறுபடி ஏறுவார். யார் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் லோடு போய்ச் சேர்ந்தால் பேர் முதல் டிரைவருக்குத்தான். கோகிலாவின் வீட்டுக்காரர் குமரேசன் அப்படி ஒரு முதல் டிரைவர். ஆக, அமெரிக்கர் படுக்கப் போயிருக்கிறார், எழுந்து வருவார் என்று நான் பாட்டுக்கு இருந்தேன்.

மாத்து ஆள் வந்த வேகத்தில் ஒரு ரன்னை விட்டுக்கொடுத்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிட்டான். பிறகு அந்தப் பக்கத்து இடது கைக்காரரும் ஓய்வெடுக்கப் போனார். எட்டாவது சுற்றில் உள்ளூர் அணி ஒரு ரன் எடுத்தது, கடைசியில் அந்த ஒரு ரன்னில் ஜெயித்தும்விட்டது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். அங்கேயே நின்று கோகிலாவுக்குப் போன் போட்டேன். "லீவு கெடச்சிருச்சு, நான் வாரேன்!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவள் "அம்மா! அண்ணன் வராங்களாமா!" என்று கத்துவது கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பான்ஜாங் 'இல்லை, இல்லை' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பே அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "நம் அணி ஜெயித்தது. உன் தூசு ஜெயிக்கவில்லை." ஆரம்பித்தவர் ஐந்து சுற்றை முழுசாக முடித்து, அவர் இறங்கும்போது இருந்த முன்னிலையை அணியும் கடைசிவரை விடாமல் காப்பாற்றினால்தான் வெற்றி அவர் பேரில் எழுதப்படுமாம். பாதியில் இறங்கினால் மறுபடி ஏறவே முடியாதாம். இன்றைய வெற்றி கடைசியில் வந்த ஒரு மாத்து ஆளின் பேரில் போய்விட்டது. பே அண்ணனின் இடது கைக்காரருக்கும் வெற்றி இல்லை, என் அமெரிக்கருக்கும் இல்லை. அங்கே அம்மா அதற்குள் பாதி ஊருக்குச் சொல்லியிருப்பார்.

"அப்படி என்ன விசேஷம் உன் ஊரில்?" என்று கேட்டார் பே அண்ணன். தங்கச்சி மகளுக்குக் காதில் ஓட்டை போட வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் அவ்வளவுதான் சொல்ல வந்தது. அவர் திகைத்தார். "காதில் ஓட்டையா? கம்மல் கடையில் இரண்டு நிமிட வேலை. அதற்கு நீ எதற்கு விமானம் ஏற வேண்டும்?" நான் பக்கத்து நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்து என் மடியில் வைத்து அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டேன். "குழந்தை இங்கே. அம்மாவோட அண்ணன் மடி. வேற மடி கூடாது" என்றேன். "வேறு மாமா இல்லையா?" "இல்லீங்க." "கூவொன் தூசு இல்லையா?" என்று கேட்டார். பாதியில் வந்து காப்பாற்றுகிற மாத்து ஆளுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. "இல்லீங்க" என்றேன்.

அவர் கோப்பையைக் காலி செய்துவிட்டு வெளியே போய்ப் போன் பேசினார். திரும்பி வந்து, "என் தம்பி புல் வெட்டுவான். ஆடு மேய்ந்த மாதிரிதான் வெட்டுவான், அப்பா பொறுத்துக்கொள்வார். எனக்கு மாத்து ஆள் இருக்கிறான், உனக்கு இல்லை. நீ போ" என்றார். இந்தமுறை நான் "நீங்க போங்க" என்று சொல்லவில்லை. எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "கோழி ஆறுகிறது, உட்கார்ந்து தின்னு" என்றார் அவர்.

கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாமன் சீர்த் தட்டுகள், பட்டுப் பாவாடை, தங்கக் கம்மல் என்று குறை வைக்காமல் கொண்டுபோயிருந்தேன். பார்த்தவர்களெல்லாம் "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி வந்தாள். பட்டு வேட்டியும் துண்டுமாக மணையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். "வா சாமி" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அடுத்த நிமிடம் அலறிக்கொண்டு அவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமன்டா கண்ணு, போன் மாமா!" என்றாள் கோகிலா. "இது இல்ல! போன் மாமா வேணும்!" என்று கத்தினாள் யாழினி. கடலை மிட்டாய் காட்டினேன், பலூன் காட்டினேன். பக்கத்தில் போனால் காலால் உதைத்தாள். காது குத்த வந்திருந்த ஆசாரிக்கு அடுத்த ஊரில் இன்னொரு குழந்தை காத்திருந்தது. "நேரமாச்சுங்க. சித்தப்பன் மடியில உக்காத்தி வெச்சுக் குத்திரலாமுங்களா?" என்றார். குமரேசனின் தம்பியும் தயாராக மணைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். மாத்து ஆளே கிடையாது என்று அங்கே சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு, ஒரு மனிதரின் முறையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். குமரேசன்தான் தம்பியைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருடா. மச்சான் இதுக்குன்னே வந்திருக்காங்க" என்றார்.

கோகிலாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அண்ணா, அந்தத் தொப்பி எங்கீங்க?" என்றாள். பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, பந்தலுக்குப் பின்னால் நின்ற குமரேசனின் லாரி மறைவிலிருந்து அவள் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். தொப்பியை முன்னால் இழுத்துக் கண்ணை மறைத்தேன். யாழினியின் அழுகை நின்றது. "மாமா!" என்று சிரித்தாள். கோகிலா அந்தப் போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள்; நான் பேச்சை நிறுத்தாமல் மெதுவாக நடந்து வந்து மணையில் உட்கார்ந்தேன். போன்கள் இரண்டும் பக்கத்தில் வந்ததும் கீயென்று கத்தின, சத்தத்தை அடைத்தோம். கோகிலா அவளை நைசாக என் மடியில் வைத்தாள். யாழினி நிமிர்ந்து பார்க்கவில்லை. யார் மடி என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை, முதல் ஆள் போனில் இருந்தார். பந்தலில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு லேசாக, அவ்வளவு சூடாக அந்த உடம்பு என் மடியில் இருந்தது.

ஆசாரி ஊசியை எடுத்தார். நான் ஒரு கையால் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் போனை முகத்துக்கு நேரே நீட்டினேன். முதல் காதில் இறங்கியதும் வீறிட்டாள். சந்தனத் தலையை என் நெஞ்சில் முட்டி முட்டி அழுதாள். போனை மட்டும் விடவில்லை. "மாமா... வலிக்குது... இவங்க புடிச்சுக்கிட்டாங்க... வா மாமா, வா!" என்று அதனிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னாள்.

"வாரேன் சாமி" என்றேன், அவள் தலைக்கு மேலிருந்து. "இதோ, வந்துக்கிட்டே இருக்கறேன்."